கஸ்பர் கண்ட கோட்டை

அன்ரனெற்: ...புக் பண்ணியாச்சு. இனிக் கதைச்சுப் பிரியோசனம் இல்லை.

கஸ்பர்: என்னட்டை ஒரு சொல்லுக் கேக்காமலோ?

அன்ரனெற்: கேட்டால் ஓம் எண்டிருப்பீங்களோ?

கஸ்பர்: பாரிசுக்குப் போறம். உம்மட எமில்டா அக்கான்ர மகளின்ர கலியாணம். அது சரி. அதுக்குள்ள உந்த வியன்னா எங்கயிருந்து வந்தது?

அன்ரனெற்: வியன்னாவில ஒரு நாள்தான். விடிய பஸ் வெளிக்கிடுமாம். எல்லையைக் கடந்து சிலோவாக்கியாக்குப் போய், கோட்டை எல்லாம் காட்டி, பழைய கிராமங்களுக்கும் கூட்டிக்கொண்டு போய், பின்னேரம் திருப்பி வியன்னாவில கொண்டுவந்து விடுவினமாம். கைட் ஒராளும் வருவாவாம். இஞ்சாரப்பா, நீங்கள் வந்த அதே ரூர்!

கஸ்பர்: ...

அன்ரனெற்: என்ன, சந்தோசத்தில வாயடைச்சுப் போச்சோ? இஞ்சாருங்கோ... இஞ்சாருங்கோ! எக்ஸிற்! பிறம்ரனுக்கு இறங்கிற எக்ஸிற்றை விட்டிட்டீங்கள்!

கஸ்பர்: ஐயோ மாதாவே...

அன்ரனெற்: மெதுவா, மெதுவா. எங்கட நதீஷாக் குட்டி பின்னால நித்திரை.

கஸ்பர்: ஹைவேயில வைச்சுத் தலையில குண்டைப் போட்டால் எக்ஸிற் எங்க தெரியிறது?

அன்ரனெற்: கோட்டை காட்டுறன் எண்டது குண்டோ?

கஸ்பர்: கான்சல் பண்ணும்.

அன்ரனெற்: ஏலாது.

கஸ்பர்: ஏலும். நான் நாளைக்குப் போன் எடுத்துக் கதைக்கிறன்.

அன்ரனெற்: ஏனப்பா? ஆறு வருசமா வாய் ஓயாமல் சொன்னது நீங்கள்தானே? நான் கொழும்பில இருந்து அழ அழ, போனில கோட்டை கோட்டை எண்டு சொன்னது ஆர்? இப்ப அலெக்ஸாண்டர் வீட்டுக்குப் போனவுடனே என்ன நடக்கும், சொல்லுங்கோ. அவன்ர மகளின்ர முதல்நன்மைப் பார்ட்டியை விட்டிட்டு, "அண்ணை, அந்தக் கோட்டைக் கதையைச் சொல்லுங்கோ" எண்டு எல்லாரும் உங்களைச் சுத்தி இருப்பினம்.

கஸ்பர்: இண்டைக்குச் சொல்லமாட்டன்.

அன்ரனெற்: ரொறன்ரோவில ஆரிட்டைக் கேட்டாலும் லொறியில மூச்சு முட்டின கதை, பனிக்குள்ள நடந்த கதை. நீங்கள் ஒராள்தான் கோட்டை பாத்துக்கொண்டு வந்த அகதி.

கஸ்பர்: பகிடி பண்ணாதையும்.

அன்ரனெற்: பகிடி இல்லை. எனக்கு அதில பெருமை. சொல்லுங்கோவன், அடுத்த எக்ஸிற் வரும்வரைக்கும். களவா ஆக்களை அனுப்பிற ஏஜென்சிக்காரன் உங்களுக்கும் கூட வந்த பெடியன் றொய்சனுக்கும் தொப்பி குடுத்து, கழுத்தில கமெரா கொழுவி...

கஸ்பர்: உமக்குத்தான் பாடமாச்சே.

அன்ரனெற்: உங்கட வாயால கேக்கவேணும். முதல் கோட்டை?

கஸ்பர்: ...திரெஞ்சீன்.

அன்ரனெற்: ம்.

கஸ்பர்: ஊர் முழுக்கக் கீழ. பக்கத்தில ஆறு. நடுவில ஒரு பெரிய கல்லு... கல்லு எண்டால் மலை. அந்தக் கல்லில இருந்தே முளைச்சு வந்தமாதிரிக் கோட்டை. எது கல்லு, எது சுவர் எண்டு பிரிக்கேலாதாம். அடியில பாறையில ரோமர் வெட்டின எழுத்து இன்னும் கிடக்கு. யோசிச்சுப் பாரும், அங்க வரைக்கும் நடந்து வந்து, குளிருக்குள்ள நிண்டு, "நாங்கள் இவடத்தை வந்தனாங்கள்" எண்டு கல்லில வெட்டிப்போட்டுப் போயிருக்கிறாங்கள்!

அன்ரனெற்: பாத்தீங்களோ, கதை எண்டவுடனே முகம் மலருது. கிணறு?

கஸ்பர்: அதைச் சொன்னால் நீர் என்னைக் கடிப்பீர்.

அன்ரனெற்: சொல்லுங்கோ.

கஸ்பர்: துருக்கிக்காரன் ஒருத்தன். அவன்ர பெட்டையைக் கோட்டைக்காரன் பிடிச்சு வைச்சிருக்கிறான். கோட்டையில தண்ணி இல்லை. "இந்தப் பாறையில தண்ணி எடுத்துத் தா, பெட்டையை விடுறன்" எண்டானாம். இவன் வருசக்கணக்கா வெட்டினானாம். வெறும் கல்லு. கடைசியாத் தண்ணி வந்தது. பெட்டையையும் கூட்டிக்கொண்டு போட்டான்.

அன்ரனெற்: நீங்கள் எனக்குக் கடையில வாங்கின ஒரு கட்டிலைப் பொருத்தித் தர ஒன்பது மாதம்.

கஸ்பர்: பாரும், சொன்னன்தானே!

அன்ரனெற்: சரி சரி. பிறகு மரவீட்டுக் கிராமம்.

கஸ்பர்: சிச்மானி. அதைச் சொல்லி முடிக்கேலாது, அன்ரனெற். கறுத்த மரக்குத்தியால கட்டின வீடுகள். அந்தக் கறுப்பில வெள்ளைச் சுண்ணாம்பால கோலம். முழுச் சுவரிலயும்! மரம் வெயிலுக்கு வெடிக்காமல் இருக்கத்தான் முதல் பூசினவையாம். பிறகு பொம்பிளையள் தங்கட சட்டையில தைக்கிற பூவேலையை அப்பிடியே சுவருக்கும் போட்டிட்டினம். எங்கட ஆக்கள் வீட்டு முற்றத்தில போடுறதை அவை சுவரில போட்டிருக்கினம். வீட்டுக்குச் சட்டை போட்ட ஊர் அது.

அன்ரனெற்: ஆ... அது புதுசு. இதுக்கு முந்தி இப்பிடிச் சொல்லேல்லை.

கஸ்பர்: ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமா ஞாபகம் வரும்.

அன்ரனெற்: அங்கதானே சாப்பாடு?

கஸ்பர்: ஓம். உருளைக்கிழங்கு மாவில சின்னச் சின்ன உருண்டை. அதுக்கு மேல செம்மறிப் பால் சீஸ்.

அன்ரனெற்: ருசியோ?

கஸ்பர்: நல்ல ருசி எண்டுதான் எல்லாரும் சொல்லிச்சினம்.

அன்ரனெற்: நீங்கள் சாப்பிடேல்லையோ?

கஸ்பர்: எனக்கு... வயிறு சரியில்லை அண்டைக்கு.

அன்ரனெற்: பாவம். அந்தக் கைட், சுசானாவோ என்னவோ, அவள் எப்பிடி இருப்பாள்?

கஸ்பர்: ஆ, அருமையான மனிசி. தன்ர நாடு தனி நாடாப் பிறந்து இன்னும் ஒரு வயசு ஆகேல்லை எண்டு சொல்லேக்கை குரல் கொஞ்சம் தழதழத்தது. மைக்கைத் திறந்தால் முதல் ரொபி இனிப்பு ஒண்டு உரிக்கிற சத்தம்தான் கேக்கும். "ர" வந்தால் உருட்டிப்போட்டுத்தான் விடுவா.

அன்ரனெற்: குரலைக் கேக்கேல்லை. ஆள்?

கஸ்பர்: ஆள் நல்ல ஆள்.

அன்ரனெற்: உயரமோ, கட்டையோ?

கஸ்பர்: நடுத்தரம்.

அன்ரனெற்: தலைமயிர்?

கஸ்பர்: இருந்தது.

அன்ரனெற்: ஹா! என்னத்துக்கு இப்பிடி வேர்க்குது? நான் என்ன சண்டைக்கோ வாறன்?

கஸ்பர்: றோட்டைப் பாக்க விடும்.

அன்ரனெற்: ஆரோ ஒரு கிழவன் பாட்டுப் பாடினவர் எண்டனீங்கள், அதைச் சொல்லுங்கோ. எனக்கு அதுதான் விருப்பம்.

கஸ்பர்: அதுவோ... அவர் அமெரிக்காக்காரர். கோட்டை ஏறேலாது, முழங்கால் நோ எண்டு பஸ்ஸுக்குள்ளேயே இருந்திட்டார். எல்லாரும் மேல போட்டினம். ஒரு சத்தம் இல்லை. அப்ப மெல்லமா முணுமுணுக்கத் தொடங்கினார். முதல் ஆரோ அழுகினம் எண்டு நினைச்சன். பிறகு பாத்தால்... எங்கட மாதாப்பாட்டு. அதே மெட்டு. மன்னாரில நான் பூசைக்கு உதவுற பீடப்பரிசாரகனா நிண்டு பாடினது. எனக்கும் சேர்ந்து பாடவேணும்போல... தொண்டை வரைக்கும் வந்திட்டுது. பாடேலாதே!

அன்ரனெற்: எல்லாரும் மேல போட்டினம்.

கஸ்பர்: ஓம்.

அன்ரனெற்: நீங்களும் மேல கோட்டையில.

கஸ்பர்: ...ஓம்.

அன்ரனெற்: அவர் கீழ பஸ்ஸுக்குள்ள மெல்லமா முணுமுணுக்க, உங்களுக்கு எப்பிடிக் கேட்டது?

கஸ்பர்: எக்ஸிற் வருது. இறங்கித் திருப்பவேணும்.

அன்ரனெற்: அந்தக் கோப்பிக்கடைப் பார்க்கிங்கில விடுங்கோ. பிறகு திருப்பலாம்.

கஸ்பர்: அலெக்ஸாண்டர் பாத்துக்கொண்டிருப்பான்...

அன்ரனெற்: இருக்கட்டும். விடுங்கோ. ...ஆ. இஞ்சினை நிப்பாட்டுங்கோ. தண்ணி குடிக்கிறீங்களோ?

கஸ்பர்: நான் அங்க போனால் எல்லாம் தெரியவரும், அன்ரனெற். அதுதான் கான்சல் பண்ணச் சொன்னனான்.

அன்ரனெற்: என்ன தெரியவரும்?

கஸ்பர்: எனக்கு ஒரு படியும் தெரியாது. ஒரு வாசலும் தெரியாது. நான் ஒரு கோட்டையும் காணேல்லை.

அன்ரனெற்: ம்.

கஸ்பர்: நாங்கள் சீற்றில வரேல்லை. தொப்பியும் இல்லை, கமெராவும் இல்லை. அந்த மாதிரிப் பஸ்ஸில, பின்கதவுக்குப் பக்கத்தில, சீற்றுக்குக் கீழ ஒரு பொந்து இருக்கும். மற்ற ட்ரைவர் படுக்கிற இடம். ஒராள் படுக்கிற இடத்தில நாங்கள் ரெண்டு பேர். முன்னால பலகை வைச்சு அடைச்சு, பலகைக்கு முன்னால பெட்டியள். வியன்னாவிலயிருந்து ரூர் வந்த பஸ். சிலோவாக்கியாவில முதல் நிப்பாட்டின இடத்தில எங்களை ஏத்தினவங்கள். பின்னேரம் அது வெள்ளைக்காரரோட திரும்பி எல்லை கடக்கேக்கை ஆரும் கிண்டிப் பாக்கமாட்டாங்களாம்.

அன்ரனெற்: முழு நாளுமோ?

கஸ்பர்: முழு நாளும். தலைமாட்டில ஸ்பீக்கர். அந்த மனிசி சொன்னதெல்லாம் அதாலதான் கேட்டது. கோட்டை, கிணறு, மரவீடு... எல்லாம் அவவின்ர குரல். நான் கண்ணால கண்டது ட்ரைவரின்ர மெத்தையும் இருட்டும்தான்.

அன்ரனெற்: ஏன் எனக்கு மாத்திச் சொன்னனீங்கள்?

கஸ்பர்: வேற என்ன செய்யிறது? போனை எடுத்தவுடனே அழுதனீர். எங்கயோ லொறிக்குள்ள செத்துக் கிடந்தவங்களைப் பேப்பரில பாத்திட்டு, "எப்பிடி வந்தனீங்கள், எப்பிடி வந்தனீங்கள்" எண்டு... பொந்துக்குள்ள கிடந்து வந்தனான் எண்டு சொல்ல வாய் வரேல்லை. பஸ்ஸில கோட்டை பாத்துக்கொண்டு வந்தனான் எண்டன். உடனே உம்மட அழுகை நிண்டுது. "என்ன கோட்டை?" எண்டு கேட்டனீர். பிறகு நான் எங்க நிப்பாட்டுறது? சனமும் கேக்கத் தொடங்கிட்டுது. பொய்யன் எண்டு நினைக்கிறீரோ?

அன்ரனெற்: எனக்குத் தெரியும்.

கஸ்பர்: என்ன தெரியும்?

அன்ரனெற்: உது எல்லாம். பொந்து, பலகை, ஸ்பீக்கர்.

கஸ்பர்: ...ஆர் சொன்னது?

அன்ரனெற்: எங்கட கலியாணத்தண்டைக்கு றொய்சன் பாரிசிலயிருந்து போன் எடுத்தவன்தானே. நீங்கள் உடுப்பு மாத்தப் போனநேரம் என்னோடதான் கதைச்சவன்.

கஸ்பர்: அப்ப... மூண்டு வருசமாத் தெரிஞ்சுகொண்டோ ஒவ்வொரு பார்ட்டியிலயும் முன்வரிசையில இருந்து கேட்டனீர்?

அன்ரனெற்: ஓம்.

கஸ்பர்: ஒரு சொல்லு கேட்டிருக்கலாமே!

அன்ரனெற்: கேட்டிருந்தால் நீங்கள் சொல்லுறதை விட்டிருப்பீங்கள். எனக்கு அந்தக் கதை வேணும். இண்டைக்குத்தான், நீங்களா வாய் திறக்கமாட்டீங்களோ எண்டு கொஞ்சம் கிண்டிக் கேட்டனான்.

கஸ்பர்: பொய்க்கதையைக் கேட்டு என்ன கண்டனீர்?

அன்ரனெற்: ஆர் பொய் எண்டது? றொய்சன் சொன்னதை முழுக்கச் சொல்லட்டோ? அவனுக்கு உள்ளுக்கை மூச்சு முட்டி, பலகையை உதைச்சுக் கத்தப்போனவனாம். இங்கிலீசும் விளங்காது, என்ன நடக்குது எண்டும் தெரியாது. நீங்கள் அவன்ர தலையைக் கட்டிப்பிடிச்சு, காதுக்கை வாயை வைச்சு, அந்த மனிசி சொல்லச் சொல்ல எல்லாத்தையும் தமிழில சொல்லிக்கொண்டு வந்தனீங்களாம். "உங்க பார் றொய்சன், வலப்பக்கம் கோட்டை. இந்தா பார், சுவர் முழுக்கக் கோலம்" எண்டு. எல்லையில தலைக்கு மேல பூட்ஸ் சத்தம் கேக்கேக்கையும் உங்கட சொண்டு மட்டும் அவன்ர காதில அசைஞ்சுதாம். ஏன் அதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை?

கஸ்பர்: அது... பெடியன் கத்தியிருந்தால் ரெண்டு பேரும் பிடிபட்டிருப்பம். என்ர உயிருக்காகவும்தான். அதை என்னெண்டு பெருமையாச் சொல்லுறது?

அன்ரனெற்: அழுங்கோ. ஆரும் பாக்கேல்லை.

கஸ்பர்: ...அங்க போய், நான் சொன்னமாதிரி ஒண்டும் இல்லாட்டி?

அன்ரனெற்: அதுக்கு மறுமொழி சொல்லவேண்டியது நான் இல்லை. றொய்சனும் எங்களோட வாறான், அவனுக்கும் ஒரு சீற்று எடுத்திருக்கு. "நான் அந்தக் கோட்டையெல்லாம் ஏற்கெனவே பாத்திட்டன் அக்கா, அண்ணைதான் இன்னும் காணேல்லை. இந்தமுறை நான் அவருக்குக் காட்டுறன்" எண்டவன்.