ஒரே வாசல்

— பகடையை எடு ஓரெஸ்ட். இன்னிக்குக் காபிக்காசு யார் தலையிலன்னு பாத்துருவோம்.

— வேணாம் கன்னர். நானே குடுத்துடறேன்.

— மேவிஸ்! இங்க வா, கேளு இந்தக் கூத்தை. பகடை உருட்டாம ஓரெஸ்ட் காபிக்காசு குடுக்கறானாம்!

— எனக்கும் காது இருக்கு அண்ணே. நான் இந்தக் கடையைத் தொறந்து பதினாறு வருஷம் ஆச்சு, இது மொதத் தடவை. அண்ணனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?

— அது சரி. ஒரு மனுஷன் நல்லது பண்ணினா உடம்பு சரியில்லையா? காபியை ஊத்தும்மா.

— தொப்பி எங்கய்யா? கோதுமை வாரியத்துத் தொப்பி இல்லாம உன்னைப் பாத்தா, சவரம் பண்ணின கரடி மாதிரி இருக்கே.

— தொவைக்கப் போட்டிருக்கேன்.

— அதைத் தொவைச்சா அழுக்கு போகும், அப்புறம் தொப்பின்னு என்ன மிஞ்சும்? சரி விடு. கேளுய்யா, ஒரு சமாசாரம். மணி என்ன?

— பதினொண்ணே கால்.

— பன்னெண்டுக்குள்ள நீ எனக்கு ஒரு பதில் சொல்லணும். நான் மகளுக்குப் பிரசவம்னு ரெஜைனா போயிருந்தேன்ல...

— பேத்தி எப்படி இருக்கா?

— என் மூக்கு, பாவம். அதை விடு. என் குதிரெல்லாம் நெறஞ்சு, மிச்சக் கோதுமை நானூறு டன் வெட்டவெளியில குமிஞ்சு கெடக்கு. நாளைக்குச் சாயங்காலம் மழைங்கறான் ரேடியோக்காரன். அது முடிஞ்சா பனி.

— வெளியில எதுக்குய்யா போட்டே? அறுத்த உடனே வித்திருக்கலாமே?

— விலை ஏறும்னு வெச்சிருந்தேன்.

— ஏறிச்சா?

— மேவிஸ், இவனுக்கு இன்னும் கொஞ்சம் காபி ஊத்து, வாயை அடைக்கலாம்.

— அது சரி. வாரியம் இருந்தப்போ இந்தத் தொல்லை உண்டா? சட்டப்படி எல்லார் கோதுமையும் வாரியங்கற ஒரே வாசல் வழியாப் போச்சு. உனக்கும் எனக்கும் ஒரே விலை. ஏறுமா எறங்குமான்னு எவனாவது தூக்கம் கெட்டானா?

— அதான்யா தப்பு! நான் ராப்பகலாப் பாடுபட்டு வெளையவெச்சதுக்கும், சோம்பேறி வெளையவெச்சதுக்கும் ஒரே விலையா? ஒரு லாரி கோதுமையை எல்லை தாண்டி அமெரிக்காவுல கொண்டுபோய் வித்துட்டு, ரெண்டு ராத்திரி லாக்கப்புல கெடந்தவன் நான். எதுக்கு? என் கோதுமையை நான் விக்கற உரிமைக்கு!

— இப்பத்தான் ஆகஸ்ட்லேர்ந்து அந்தச் சட்டம் போய் உரிமை வந்தாச்சே. வில்லு.

— போன் பண்ணினேன்யா. ஒரு வியாபாரி எனக்கு ஒரு விலை சொன்னான். அதே நாள், அதே கோதுமை, பக்கத்துப் பண்ணை ஃப்ரீடாவுக்கு டன்னுக்கு ஏழு டாலர் கூட. எனக்கு எப்படித் தெரியும்? அவ வாயைத் தொறந்தாத்தானே!

— இப்ப யாருதான் தொறக்கறாங்க? ஆமா, சொல்லிட்டேன். முன்னெல்லாம் என் கடையில ஒரே சத்தமா இருக்கும். இப்ப போன் அடிச்சாப் போதும், கையால வாயை மூடிக்கிட்டு வெளிக்குளிர்ல போய் நிக்கறாங்க. காபி ஆறிப்போகுது.

— மேவிஸ் சொல்றது நெஜம். கேளுய்யா ஓரெஸ்ட். இன்னிக்குக் காலையில அந்த வியாபாரிகிட்ட மறுபடி பேசினேன். ஆயிரம் டன் மொத்தமாக் குடுத்தா, டன்னுக்கு இருபது டாலர் கூடத் தர்றானாம். பன்னெண்டு மணிக்குள்ள பதில் சொன்னா லாரியையும் அவனே அனுப்புவானாம், இன்னிக்கே. என்கிட்ட நானூறு. ஃப்ரீடா எரநூறு தர்றேங்கறா. உன் குதிர்ல நானூறு இருக்கும்ல?

— சேத்து விக்கலாங்கறே?

— சேத்துத்தான். மூணு பேருக்கும் ஒரே விலை. ஒருத்தர்தான் பேசணும். முக்கியமா, யாரும் தனியாப் போய் வேற எடத்துல விக்கக்கூடாது. வித்தா எல்லாமே கெட்டுப்போகும்.

— கன்னர்.

— என்ன?

— இப்ப நீ சொன்னியே, அதுக்குப் பேரு என்ன தெரியுமா?

— சிரிக்காதேய்யா. தெரியும். உன்கிட்ட வந்து இதைச் சொல்லணும்னு காலையில ஆறு மணிலேர்ந்து லாரியிலயே உக்காந்திருந்தேன். எனக்கு வெக்கமா இருக்கு. ஆனா அந்தக் கோதுமை நனைஞ்சுதுன்னா மாட்டுத்தீவனம்தான். என் ஒரு வருஷம் போச்சு.

— அண்ணே, பாவம், சேந்துக்கோங்க. இருபது வருஷமா நீங்க சொன்னதுக்கே வந்துட்டாரே!

— மணி பதினொண்ணே முக்கால் ஆச்சு. சொல்லுய்யா.

— உன் கோதுமை நனையாது. லாரியைக் கொண்டா. என் குதிர்ல கொட்டிக்கலாம், இன்னிக்கே. நானும் வந்து அள்றேன்.

— உன் குதிர்லயா? அதுல உன் கோதுமை இருக்கே?

— இல்ல. அஞ்சு குதிரும் காலி.

— நான் ஊருக்குப் போறப்போ நெறஞ்சிருந்துதே!

— நீ போயிருந்தேல்ல, மூணு நாள்...

— அண்ணே, அப்போ வாசல்ல ஆணியில தொங்குதே, ஏதோ கம்பெனி பேர் போட்ட புதுத் தொப்பி, அது உங்களோடதா?

— கோதுமை வித்தா சும்மாத் தர்றாங்கம்மா.

— யோவ் ஓரெஸ்ட்! நீயா? தனியாவா? என்ன விலைக்குய்யா?

— அதை எதுக்குக் கேக்கறே? நீ ரெண்டு ராத்திரி லாக்கப்புல கெடந்து வாங்கிக்குடுத்த உரிமை, வீணாப் போகலாமா?