வலது பக்கத்து சீட்டு

விடும்மா. அந்தக் கைப்பிடியை விடு. வண்டிதான் நின்னாச்சே. சைக்கிள்காரரும் போய்ட்டார். அதோ, சர்ச் வாசலைத் தாண்டி. கையாட்டிட்டு வேற போறார்.

என்னது? சைக்கிளுக்கு ஒரு முழம் இடைவெளி விட்டுக் கணக்கா வண்டியை ஒடிச்சேனா? ம். நீ அப்படிச் சொல்றே.

ஒண்ணும் ஆகலை. சும்மாதான் நிறுத்தினேன். கிளம்பலாம், இரு. லைசன்ஸ் டெஸ்ட்டுன்னா ஓட்டிக்கிட்டே இருக்கணுமா? ஓரமா நிறுத்துறதும் டெஸ்ட்டுதானே. கிழவன் நல்லா நிறுத்தினான்னு எழுதிக்க.

காபி குடி. பிளாஸ்க் உன் காலடியிலதான் இருக்கு. என் வீட்டுக்காரி ஹெல்வி போட்டுக் குடுத்தா. பொட்டலத்துல ஏலக்காய் பன். லஞ்சம் இல்லை. டெஸ்ட் எடுக்கிறவங்களுக்குப் பசிக்கும்னு அவ நினைப்பு.

உங்கப்பா என் ரசிகரா. ம். இந்த ஊர்ல எல்லார் அப்பாவும்தான். பாலத்து வளைவுல நின்னு பார்த்தாரா? அங்க நின்னவங்க வாயெல்லாம் மண்ணு. வீட்டுக்குப் போனதும் கேட்டுப் பாரு.

தைஸ்தோ பேசவே மாட்டார்னு சொல்லித்தான் அனுப்பினாங்களா? சரியாத்தான் சொல்லியிருக்காங்க. இன்னிக்கு என்னவோ வாய் திறந்திருக்கு. கேட்டுக்க.

ராலி பந்தயத்துல கார் ஓட்டுறவனுக்குப் பேச்சு எதுக்கு? இடது பக்கம் ஸ்டியரிங்கோட நான், பேசுறது வலது பக்கம் இருக்கிறவன் வேலை. எனக்குக் கடைசி வரைக்கும் வில்ஹோதான். காட்டு ரோட்டுல முன்னாடி என்ன வருதுன்னு குறிப்பைப் பார்த்துப் படிச்சுக்கிட்டே வருவான். இடது, வலது, மேடு, ஒடுக்கம். நான் காதால ஓட்டுவேன். வண்டியை விட்டு இறங்கினா அவனும் ஊமை. ஒரு சாயங்காலம் முழுக்க சௌனா ஆவி ரூம்ல ஒரே பலகையில உட்கார்ந்து வேர்ப்போம். கல்லு மேல இன்னும் தண்ணி ஊத்தவான்னு ஒரு தடவை கேட்பான். அதுவே அவனுக்கு ஜாஸ்தி.

ஒரு நாள் பந்தயத்துல, நேர் ரோடு, முழு வேகம். திடீர்னு நிறுத்துன்னான். நிறுத்திட்டேன். அப்புறம்தான் ஏன்டான்னு கேட்டேன். வயித்தைக் கலக்குதுன்னான். காலையில தின்ன மீன். கதவைத் திறந்துக்கிட்டு ஓடிட்டான். நான் திட்டிக்கிட்டே இறங்கி அந்த மேட்டு வரைக்கும் நடந்தேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் கடமான். குட்டியோட, நடு ரோட்டுல, சொந்த வீட்டு முற்றம் மாதிரி நிக்குது. போயிருந்தா நாங்க ரெண்டு பேரும் அன்னிக்கே சாமிகிட்ட.

சிரிக்காதே. அன்னிக்குப் போட்ட விதிதான். வலது பக்கம் நிறுத்துன்னா நிறுத்தணும். காரணம் அப்புறம். இடது பக்கம் இருக்கிறவன் தானா நிறுத்தவே மாட்டான். நிறுத்தத் தெரியாதவனைத்தானே அந்த சீட்டுல உட்கார வைக்கிறாங்க? நான் பந்தயத்தை விட்டதுகூட என் புத்தியால இல்லை. ஒரு குளிர்காலம் முடிஞ்சதும் வில்ஹோ போதும்னான். ஹெல்மெட்டைக் கழட்டினேன். அவ்வளவுதான்.

அப்புறமா? அப்புறம் டிவியில பந்தய வர்ணனை. உனக்குத் தெரியாததா.

முதல் நாள் செப்போ கேட்டான். பக்கத்துல உட்கார்ந்து பேசுவானே, அவன்தான். வாய் இல்லைன்னா நாய் தூக்கிட்டுப் போயிடும் அவனை. அந்த வளைவுல அந்த வேகத்துல போறப்ப எப்படி இருக்கும் தைஸ்தோன்னான். வேகமா இருக்கும்னேன். அடுத்த கால் மணி நேரம் நான் வாயே திறக்கலை. மைக் கெட்டுப்போச்சுன்னு வேற மைக் கொண்டாந்து மாட்டினாங்க. அதுலயும் நான் பேசலை. வேலை போச்சுடான்னு வீட்டுக்கு வந்தேன். ஊரே போன் பண்ணி, கடைசியில ஒரு மனுஷனைக் கொண்டாந்து உட்கார வச்சிருக்கீங்கன்னு டிவிக்காரங்களுக்கு நன்றி சொல்லியிருக்கு. நம்ம ஜனம் அப்படி.

ஆமா, டிவியில நான் சொல்ற அந்த 'போச்சு'. நானா யோசிச்சு வச்சதில்லை. வண்டி வளைவுக்குள்ள நுழையறப்பவே முன்சக்கரத்தைப் பார்த்தா தெரியும். ஒரு மயிரிழை தப்பா இருக்கும். போச்சும்பேன். செப்போ அப்பவும் ஆஹா என்ன அழகுன்னு பேசிக்கிட்டிருப்பான். அப்புறம் வண்டி பள்ளத்துல கிடக்கும். பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க பரீட்சைத் தாளைப் பார்த்ததுமே போச்சுன்னு என் குரல்ல சொல்லுதாம். நீயும் சொல்லியிருக்கியா? நினைச்சேன்.

கடியாரத்தைப் பார்க்காதே. கிளம்பலாங்கறேன்ல.

போன குளிர்கால ராலி பார்த்தியா? அந்த ஸ்வீடன்காரப் பையன் மரத்துல மோதினது. நான் ஒண்ணும் சொல்லலை. மறுநாள் பத்திரிகையில எழுதினான், முதியவரின் கனத்த மௌனம், அந்த மௌனத்துல ஒரு தந்தையின் வலி இருந்ததுன்னு. ஹெல்வி அதை வெட்டி ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கா.

வலியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வண்டி திரையில வலது ஓரமா போச்சு. நான் பார்க்கலை. செப்போ ஐயோன்னப்பதான் எனக்கு விஷயமே தெரியும்.

ம். வலது ஓரம்.

செப்போவும் என் வலது பக்கம்தான் உட்கார்றான். அவன் காபியை இந்த வருஷம் எத்தனை தடவை தட்டிவிட்டிருக்கேன். கோபத்துல தட்டறேன்னு நினைக்கிறான், பாவம். இப்ப பாதிதான் பேசறான். எல்லாரும் என்னைப் பாராட்டறாங்க.

டாக்டர்கிட்ட போகாம இருப்பேனா? போனேன். சுவத்துல எழுத்து அட்டை, அதுக்குப் பக்கத்துல என் போட்டோ. நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. இடது கண்ணை மூடிக்கிட்டு எழுத்தைப் படிங்கன்னார். அட்டையே தெரியலை, எதைப் படிக்க? பேசாம நின்னேன். மன்னிச்சிடுங்க தைஸ்தோ, உங்ககிட்டப் போய் இதைக் கேட்டேனேன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டார். நல்ல கண்ணுன்னு எழுதி, வாசல் வரைக்கும் வந்து கோட்டை மாட்டிவிட்டார்.

நான்தான் சொல்லியிருக்கணுமா? எப்படிம்மா சொல்றது? வாயைத் திறந்து தொலைச்சா நான் தைஸ்தோ இல்லையே.

ஹெல்வியா? அவ வண்டியில ஏறினதும் தூங்கிடுவா. அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. அவ தலையும் என் வலது பக்கம்தான் சாய்ஞ்சு கிடக்கும். தினம் பார்க்கிறேன். பார்க்கிறேன்னா, திரும்பிப் பார்த்தாத்தான் தெரியுது.

வில்ஹோ இருந்தா வண்டியில ஏறினதுமே கண்டுபிடிச்சிருப்பான். போன வசந்தத்துல செத்துப் போய்ட்டான். அன்னிலேருந்து அந்த சீட்டுல நிறுத்துன்னு சொல்ல ஆள் இல்லை.

அதான் உங்க ஆபீசுக்கு நானே போன் பண்ணினேன். யாரும் என்னை அனுப்பலை. ஓட்டிக் காட்டறேன், ஆள் அனுப்புங்கன்னேன். கிழவருக்கு என்ன பெருந்தன்மைன்னு அங்கயும் சந்தோஷப்பட்டாங்களாம்.

என்ன எழுதறே? காட்டு. மிகச் சிறப்பா? அடியேய்.

அந்த சைக்கிள்காரரை நான் பார்க்கவே இல்லைம்மா. நீ மூச்சை இழுத்தியே, அந்தச் சத்தம் காதுல விழுந்தது. பழக்கதோஷம், கை தானா ஒடிச்சுது. ஒரு முழமும் இல்லை, கணக்கும் இல்லை. இந்த ரோடு முழுக்க எனக்கு மனப்பாடம். மனப்பாடத்துல சைக்கிள் கிடையாது.

அழாதே. பன்னைத் தின்னு.

என்னால சாவியைக் குடுக்க முடியலை. தினம் காலையில குடுத்துடணும்னுதான் எழுந்திருக்கிறேன். இடது பக்கம் இருக்கிறவன் தானா நிறுத்தமாட்டான். சொன்னேன்ல? இப்ப வலது பக்கம் நீ இருக்கே. சொல்லு. காரணம் அப்புறம்.

உங்கப்பா கோவிச்சுப்பாரா? நான் பேசிக்கிறேன். பேசமாட்டேன், வந்து உட்கார்ந்துட்டுப் போறேன். போதும்ல?

சொல்லும்மா. ஒரே ஒரு சொல்தானே. ஊருக்கே நான் சொல்லிக் குடுத்தது.

ம்.

கேட்கலை. இன்னொரு தடவை. என் குரல்ல வேண்டாம், உன் குரல்ல.

ம். சரி. போச்சு.

இறங்கு. இந்தா சாவி. இந்தப் பக்கம் வா, நான் அங்க வரேன்.

இங்க கால் நீட்ட இடமே இல்லையே. வில்ஹோ எப்படித்தான் உட்கார்ந்தானோ. ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, படுபாவி.

கிளட்சை மெதுவா விடு. மெதுவான்னேன். சரி. நேரா போ. வீடு வரைக்கும் நான் சொல்றேன், நீ காதால ஓட்டு. முன்னாடி லேசான வலது. அப்புறம் மேடு. மேட்டுல பால் கேன் வைக்கிற மேடை இருக்கும், அதைப் பார்த்ததும் இடது.

இல்லையா? நல்லா பாரு. மரப்பலகை மேடை.

எடுத்துட்டாங்களா? எப்ப?

நீ பொறக்கறதுக்கு முன்னாடியா.

ம். அப்ப நீயே பார்த்து ஓட்டு.