ஈயத்தாள் சுற்றிய மரை

தேத்தண்ணி நன்றாக இருக்கிறது ஐயா. எங்கள் லயத்து வீடுகளில் தூசித் தூள்தான் கிடைக்கும். மலையெல்லாம் கொழுந்தாக நிற்கும், நல்ல தேயிலை குடிக்கப் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தம்பி மாயாண்டியின் சாவை விசாரித்தவர், விபத்து என்றும், வேலை தெரியாதவன் ரிப்பேர் செய்ததால் துவக்கு பின்பக்கமாக வெடித்துவிட்டது என்றும் சொல்லிவிட்டுப் போனார். விபத்து என்றதில் எனக்கு வருத்தமில்லை. வேலை தெரியாதவன் என்றதுதான் பொறுக்கவில்லை. லிந்துலைப் பக்கம் எந்தத் தேயிலை ஸ்டோரில் மெஷின் நின்றாலும், "பிட்டர் பொன்னையாவைக் கூப்பிடு" என்பார்கள். இப்போது கடைத்தெருவில் என்னைக் கண்டால், "இந்தா போறாருடா, மரை வெட்டத் தெரியாத பிட்டரு" என்று சிரிக்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அதனால்தான் நானே வந்தேன்.

இந்தச் சாக்குக்குள் ஒரு இரும்புத் துண்டு இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். அதன் திருகு மரையில் விரலை ஓட்டிப் பாருங்கள். வேலை தெரியாதவன் கடைந்ததா அது? அதைத்தான் நான் அந்தத் துவக்கில் போட்டிருக்க வேண்டும்.

துவக்கு எங்கள் தோட்டத்து வீரய்யா பெரிய கங்காணியுடையது. அவர் தாத்தா காலத்துச் சாமான். குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, கம்பியால் கெட்டித்து வெடிக்க வேண்டும். குழலின் அடியை ஒரு திருகு மூடி அடைத்திருக்கும். வெடியின் வேகம் அந்த மூடியின் மரையில்தான் மோதும். மரை பிடித்தால் வெடி முன்னால் போகும். பிடிக்காவிட்டால் மூடி பின்னால் வரும், வெடிக்கிறவன் முகத்துக்கு.

வருஷத்துக்கு ஒருமுறை, மாரியம்மன் திருவிழாவில் கரகம் கோயில் படி ஏறும்போது முதல் வெடி போடத்தான் அதை வெளியே எடுப்பார்கள். வெடிக்கிறவர் தலையில் பூசாரி பரிவட்டம் கட்டுவார். தாத்தா, அப்பா, வீரய்யா என்று அந்தத் துண்டு அவர்கள் வீட்டுத் தலைகளைத்தான் பார்த்திருக்கிறது. எங்கள் ஆட்கள் தப்படிப்பார்கள். படிக்குக் கீழே நிற்போம்.

வெடித்த துவக்கைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவிக் கொடுப்பது எங்கள் அப்பா ஆண்டியப்பனின் வேலை. ஒரு வருஷம் கழுவி முடித்ததும், அதைத் தோளில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மருந்தில்லாத வெறுங்குழல். மறுநாள் காலை வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில், ஆண் பெண் அத்தனை ஆட்களும் நிற்க, அவரைக் கட்டிவைத்துச் செருப்பால் அடித்தார் வீரய்யாவின் அப்பா. நானும் தம்பியும் பார்த்துக்கொண்டு நின்றோம். தம்பி அழுதான். நான் அழவில்லை.

அதற்குப் பிறகு துவக்கை எங்கள் வீட்டுக்குக் கழுவ அனுப்பவில்லை. அவர்கள் மேலாக எண்ணெய் தடவி வைத்துக்கொண்டார்கள். உள்ளே தங்கிய மருந்துக் கரி துருவாகி மரையைத் தின்றுவிட்டது. இந்த வருஷம் திருவிழாவுக்கு முன்னால் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், அடிமூடி கையோடு ஆடியிருக்கிறது. கடைசியில் என்னிடம்தான் வந்தது.

மரை, பல்லுப்போன வாய் மாதிரி இருந்தது. வைத்தியம் எனக்குத் தெரியும். தேய்ந்ததைக் கடைந்து எறிந்துவிட்டு, துளையைப் பெரிசாக்கிப் புதுமரை வெட்டி, அதற்கேற்ற பெரிய மூடியைத் திருக வேண்டும். மூடியை முதலில் கடைந்தேன். உங்கள் கையில் இருப்பது அதுதான். குழலில் மரை வெட்டுவதற்கு முன்னால் கங்காணி வீட்டுக்குப் போய்ப் பின்வாசலில் நின்று ஒன்று கேட்டேன்.

"மரை புதுசாப் போட்டா, செஞ்சவன்தாங்க மொதல்ல ஒருக்கா வெடிச்சுப் பாக்கணும். ஆத்துப் பக்கம் கொண்டுபோயி நானே பாத்துட்டுத் தர்றேங்க."

அவர் சிரித்தார். "அம்மனுக்கு வெடிக்கிற துவக்குடா அது. ரிப்பேர் ஆனா மொத வெடி அவ சன்னதியிலதான். ஒங்க ஆளுங்க வெடிச்சா பொறவு நான் அத எந்தத் தண்ணியில கழுவுறது?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட மறந்திருப்பேன். வெற்றிலை மென்றுகொண்டு, கேலி பேசுகிற மாதிரி சொன்னார். துவக்கு அப்போது என் வீட்டில், என் பாயின் மேல்தான் கிடந்தது. ரிப்பேர் செய்யத் தீட்டில்லை, வெடித்தால் தீட்டு.

அவர் விட்டிருந்தால் நான் ஒழுங்காகத்தான் செய்திருப்பேன் ஐயா. என் முகத்துக்கு எதிரே வெடிக்கப் போகிற மரையை யார் மோசமாக வெட்டுவான்?

திரும்பி வந்து புது மூடியைச் சாக்கில் சுற்றிவைத்தேன். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளில் ஒரு கீற்றுக் கிழித்து, பழைய மூடியின் மரையில் சுற்றித் திருகினேன். கைக்குக் கல்லு மாதிரி இறுகியது, வெடிக்குத்தான் தாங்காது. மேலே கரி பூசித் துடைத்தேன். கங்காணி வாங்கித் திருகிப் பார்த்து, "ஒன்னைய அடிக்க ஆளில்லடா பொன்னையா" என்றார். நான் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

திருவிழா அன்று கரகம் ஆற்றிலிருந்து வந்துவிட்டது. மருந்து கெட்டித்த துவக்கைக் கையில் வைத்துக்கொண்டு கங்காணி மேல்படியில் நின்றார். தப்பை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார்.

"காலம் மாறிருச்சு," என்றார். "நமக்கு ஓட்டும் போச்சு, இந்த நாடும் இல்லேங்குறான் கவுருமெண்டுக்காரன். இதுல நமக்குள்ள என்ன மேல, கீழ? அன்னைக்கு நான் ஒரு வார்த்த பேசுனேன், தப்பு. தூக்கம் வரல. சரிபண்ணுனவனே இந்த வருஷம் வெடிக்கட்டும். ஏறி வா பொன்னையா."

எங்கள் ஆட்கள் குலவையிட்டார்கள். சில கிழவர்கள் அழுதார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அப்பாவுக்கு விழுந்த செருப்படியை ஒரே பேச்சில் துடைத்துவிடலாம் என்று நினைத்தாரே, அந்த எரிச்சல். அதுவும், வாங்கிக்கொள்ள முடியாதபடி நான் ஆக்கிவைத்த பிறகு கொடுக்கிறார்.

"எனக்குத் தீட்டுங்க," என்றேன். "பட்டிப்பொலயில மச்சினன் செத்துட்டான்." மச்சினன் அங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கிறான்.

மாயாண்டி தப்பைத் தோளிலிருந்து இறக்கி வைத்தான். அப்பா அடிபட்டபோது அழுத அதே முகம், இப்போது முழுக்கச் சிரிப்பு.

"அண்ணே, அப்ப நான் போகட்டா?"

"போ," என்றேன்.

அவன் தலையில் எண்ணெய் அதிகம். பரிவட்டம் வழுக்கி வழுக்கி விழுந்தது. பூசாரி அவிழ்த்துத் திரும்பவும் கட்டினார். அத்தனை நேரம் இருந்தது. மாயாண்டியின் பெண்சாதி மீனம்மா என் பக்கத்தில் நின்று, "மாமா, ஒங்க தம்பியப் பாருங்களேன், கல்யாணத்துலகூட இப்படி இல்ல" என்று சிரித்தாள். பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தான்.

சத்தம் வழக்கத்தைவிடச் சின்னதாகக் கேட்டது. கரகம் எடுத்தவர்கூட நிற்காமல் படி ஏறினார். பிறகுதான் மீனம்மா கத்தினாள்.

நீங்கள் கேட்கிற கேள்வி நியாயமானதுதான். "நீர் ஒரு சொல் சொல்லியிருந்தால் தம்பி தப்பியிருப்பானே?" என்கிறீர்கள். தப்பியிருப்பான். ஆனால் கங்காணிக்கு விளங்கியிருக்கும். அத்தனை பேர் முன்னால், அவர் பெரிய மனுஷனாக நின்ற அந்த நேரத்தில் நான் கொலைகாரனாக நின்றிருப்பேன். இன்னொரு தடவை பெரட்டுக் களத்தில் நிற்கிற மாதிரிதானே அது?

அவரைக் கொல்லத்தான் செய்தேன். அது நடக்கவில்லை. தம்பியை மடியில் போட்டுக்கொண்டு அவர் அழுதார். பாடைக்குத் தோள் கொடுத்தார். எங்கள் ஆள் பாடையை ஒரு கங்காணி சுமந்ததைத் தோட்டமே பேசுகிறது. அதிலும் பேர் அவருக்குத்தான்.

மீனம்மா நேற்று எனக்குச் சோறு கொண்டுவந்தாள். "மனச விட்றாதீங்க மாமா," என்றாள். "வேணுமின்னா செஞ்சீங்க? ஒங்களுக்கு வராத வேலைய எடுத்துட்டீங்க, அவ்வளவுதான்."

சோற்றை அப்படியே வைத்துவிட்டேன். அவள்கூட அப்படிச் சொன்ன பிறகு சும்மா இருக்க முடியுமா? வராத வேலை இல்லை ஐயா. வேண்டுமென்றே செய்தேன். முதலில் அதை எழுதுங்கள்.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வம்சத்தில் பரிவட்டம் ஏறிய முதல் தலை என் தம்பியுடையது. கங்காணி அதை எனக்குத்தான் கொடுத்தார். நான்தான் தம்பிக்கு விட்டுக்கொடுத்தேன்.