அம்மாவுக்கு வந்த கிணற்றுத் தண்ணீர்

மண்டூர்ப் பாதைப்படகு காலை வாவியில் நகர்கிறதா இல்லையா என்றே தெரியாமல் மிதந்தது. என்னைத் தூங்கவிடாமல் பக்கத்தில் இரண்டு சகோதரிகள்.

“அம்மா செத்து மாசம் ஒண்டு. இன்னும் கிணத்துத் தண்ணியப் போத்தல்ல கொண்டாறாங்க, அக்கா.”

“கிழமை முழுக்க அம்மாக்கு ஆய்வுகூடத்தில வேலை. ஞாயிறெண்டா ஊராக்கள்ற தண்ணியச் சும்மா சோதிச்சுக் குடுத்தா. அண்டைக்கு நமக்குச் சோறு மூண்டு மணிக்குத்தான். நீ ஏன்டி இந்தப் போத்தல வாங்கின?”

“கொண்டந்த மனிசிர பிள்ளைக்கு வயித்தோட்டமாம். அம்மா இல்லையெண்டு அந்த மனிசிக்குச் சொல்ல வாய் வரல்ல.”

“இனி ஆரு பாக்கிற?”

“உனக்குத்தானே அம்மா சோதிக்கப் பழக்கினவ.”

அக்கா தங்கையின் கையிலிருந்த போத்தல் பக்கம் திரும்பினாள். கரை மெல்ல வந்தது.

“மூடியத் திறந்தியா?”

“இல்ல.”

“வெயில்ல பிடிக்காத, விசரி. தா இங்க.”

போத்தலை வாங்கி முந்தானையால் மூடிக்கொண்டாள்.