மூன்று நாளைக்குக் கெடாத சாப்பாடு

மாலை ஆறு மணி இருக்கும். உன்னிச்சைக் குளத்துக்கு அப்பால் காட்டுக்குள் போகும் கிரவல் மண் பாதை... ஆள் நடமாட்டமே இல்லை. கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள், இது உரத்துச் சொல்கிற கதை இல்லை.

நம்ம மதுரனின் தங்கை தனுஷாவுக்கு நடந்தது, மதுரன் வாயாலேயே கேட்டது. நாவற்குடாவில் இருக்கிறாளே, அவள்தான். புருஷன் தனோஜனோடு மூன்று நாள் கூடாரமடித்துத் தங்கப் போனாள். தனோஜனுக்குச் சீனி வருத்தம். இன்சுலின் ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ஆள் சரிந்துவிடுவான். ஐஸ்பெட்டியும் கொண்டுபோக முடியாத இடம். அதனால் பையைத் தனுஷாவே கட்டினாள். கடைப் பிஸ்கட் ஒன்றைக்கூடச் சேர்க்க விடவில்லை. வறுத்த குரக்கன் மா, கச்சான் கடலை, தோல் சீவாத வத்தாளங்கிழங்கு, உடைக்காத தேங்காய், பேரீச்சம்பழம்...

"மூணு நாளைக்குள்ள ஒண்டு கெட்டாலும் என்ட பேர மாத்துங்க," என்றாள்.

கூடாரம் அடித்தார்கள். தனோஜன் ஊசியைப் போட்டுக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலோடு ஓடைக்குப் புறப்பட்டான்.

"டக்கெண்டு வாறன் கா. நீ கிழங்கச் சுடு."

கிழங்கு வெந்து மணந்தது. அவன் வரவில்லை... "இஞ்சாருங்க!" என்று கூப்பிட்டாள். தவளைச் சத்தம் சட்டென்று நின்றது. அப்போதுதான் அவன் வந்து நெருப்புக்கு அந்தப் பக்கம் குந்தினான். கையில் போத்தல் இல்லை.

"எங்க போனீங்க இவ்வளவு நேரம்? முதல்ல சாப்பிடுங்க!"

கிழங்கை நீட்டினாள். அவன் விரல் பட்டதும் அது கறுத்தது... நீர் கசிந்தது... செத்த எலி நாற்றம். பதறிப்போய்ப் பேரீச்சம்பழம் கொடுத்தாள். அவன் உள்ளங்கையிலேயே அது பூஞ்சணம் பூத்தது.

"எனக்குப் பசிக்கல்ல கா."

ஊசி போட்ட தனோஜன் வாயில் ஒருநாளும் வராத சொல் அது.

அந்த நேரம்தான் ஓடைப் பக்கமிருந்து ஒரு குரல்.

"தனு... கை நடுங்குது... ஏதாச்சும் கொண்டு வா..."

அதுவும் தனோஜனின் குரல்.

பழப் பையை அள்ளிக்கொண்டு எழும்பினாள். நெருப்புக்கு அந்தப் பக்கம் இருந்தது கையை நீட்டி, அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்தது. அந்தப் பிடியில் சூடுமில்லை, குளிருமில்லை.

"அங்கால போகாத."

உதறிவிட்டு ஓடினாள். ஓடைக்கரையில் தனோஜன் வேர்வையில் நனைந்து, ஒரு மரத்தில் சாய்ந்து கிடந்தான். வலது கையால் ஒரு பழத்தை எடுத்தாள். விரலுக்குள்ளேயே அழுகிப்போனது. இன்னொன்று... அதுவும் அழுகியது. அவன் கண் செருகிக்கொண்டிருந்தது. கடவுளே என்று இடது கையால் எடுத்தாள். பழம் பழமாகவே இருந்தது. ஒவ்வொன்றாக ஊட்டி ஆளைக் காப்பாற்றிவிட்டாள்.

வலது கையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கையால் பிசைந்த மா, அடுப்பில் ஏறுமுன்பே நாறியது. சமையலை எல்லாம் இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

இந்த வருஷம் அவளுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளையையும் இடது கையால்தான் தொடுவாள், வலது கையைச் சேலைக்குள் சுற்றி வைத்துக்கொண்டு அழுவாள்.

போன கிழமை, பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாளாம். விழித்துப் பார்த்தால்... சேலை அவிழ்ந்து கிடக்கிறது. பிள்ளை அவளுடைய வலது கை விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருக்கிறது.

மதுரன் அதோடு நிறுத்திவிட்டான். பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.