மொகம் பாக்கற மாசம்

அட, தலைய அப்டி தடவிக்கினே இருக்காதீங்க தம்பி, அதுலயே ரெண்டு முடி போயிடும். கம்ப்யூட்டர் வேலையா? எந்த ஊரு... ஈரோடா. அப்ப தண்ணியத்தான் சொல்லுவீங்க. பெங்களூர் வந்தவங்க எல்லாம் மொதல்ல தண்ணியத்தான் திட்டுவாங்க. போர் தண்ணி, உப்பு தண்ணி, அதுல குளிச்சிதான் முடி போச்சுன்னு. நாங்களும் அப்டித்தான் நெனச்சோம்.

எனக்கில்ல தம்பி. என் தலைல போறதுக்கு என்ன இருக்கு. உள்ள டாக்டர்கிட்ட இருக்காளே, என் வீட்டுக்காரி, பிரிஜெட், அவளுக்குத்தான். நான் பெர்னார்ட். இப்ப இங்க மர்பி டவுன்ல இருக்கோம், சொந்த ஊரு கேஜிஎஃப், கோலார் தங்கவயல். எங்கப்பா மைன்ஸ்ல இருந்தாரு. நான் இங்க ஒரு கம்பெனில ஃபிட்டர்.

அவ முடி எப்டி இருக்கும்ன்றீங்க. பொண்ணு பாக்கப் போனப்ப எங்க பெரியம்மாவுக்கு நம்பிக்கையே வரல. சவுரிதான் வெச்சிருக்காங்கன்னு சொல்லி, பூ வெக்கற மாதிரி பின்னாடி போய் ஒரு இழு இழுத்தாங்க பாருங்க! பொண்ணு ஆன்னு கத்திடுச்சி. அந்த சத்தத்த கேட்டுத்தான் நான் சரின்னேன்னு வீட்ல இன்னும் சொல்லுவாங்க. அப்புறம் இங்க வந்து கார்மெண்ட்ஸ்ல சேந்தா. மிஷின்ல மாட்டிக்கப் போகுதுன்னு கொண்டை போட்டு மேல துணி கட்டிப்பா. கொண்டையே இம்மாம் பெருசு இருக்கும்.

அது திடீர்னு கொட்ட ஆரம்பிச்சிது தம்பி. சீப்பு வெச்சா சீப்போட வரும். தலகாணில, சோத்துல, என் சட்டை பட்டன்ல சுத்திக்கினு. பாத்ரூம் தண்ணி போற ஓட்டையே அடச்சிக்கிச்சி. ஓனரம்மா கீழருந்து ஏன்ரீ இது, ஏன்ரீ இது, என்னா இதுன்னு கன்னடத்துல கத்தறாங்க. நாந்தான் கம்பி விட்டு எடுத்தேன். எலி மாதிரி வந்துச்சி, பந்தா. அவ பின்னாடி நின்னுக்கினு இருந்தா. வேற பொம்பளையா இருந்தா ஒப்பாரி வெச்சிருப்பா. இவ, பால் திரிஞ்சிபோச்சுன்னு சொல்ற மாதிரி, இன்னும் உள்ள இருக்கும், நல்லா இழுன்னா.

செய்யாம இருப்போமா? கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெங்காயச் சாறு. சிவாஜிநகர்ல ஒரு பாய்கிட்ட பச்சை கலர்ல எண்ணெய் ஒண்ணு வாங்கினேன், வீடே நாறிச்சி. காவேரி தண்ணி வர்ற அன்னிக்குத்தான் தலைக்கு ஊத்திக்குவா. ஒண்ணும் நிக்கல. அக்கம்பக்கத்துலயும் ஏன்மா இப்டி ஆயிட்டேன்னு யாரும் கேக்கல. எங்கள பாத்தா வேற பேச்சு பேசுவாங்க.

இந்த டாக்டர் நல்ல மனுசன். மொத வாட்டி வந்தப்ப ஒரு கொத்து முடிய பிடிச்சி மெதுவா இழுத்தாரு, கையோட வந்துடுச்சி. லைட்ல காட்டறாரு, அடில வெள்ளையா குண்டூசி தல மாதிரி இருக்கு. வேரு சாகலம்மா, இது ஓய்வுக்குப் போன முடின்னாரு. ஒடம்புல பெருசா ஏதாவது நடந்தா நெறைய முடி ஒண்ணா வளர்றத நிறுத்திடுமாம். ஆனா அப்பவே விழாதாம். ரெண்டு மூணு மாசம், ஒண்ணுமே நடக்காத மாதிரி தலைலயே நிக்குமாம். அப்புறம் மொத்தமா விழுமாம்.

உங்களுது வேற தம்பி. உங்களுக்கு நெத்தி ஏறுது. அப்பாவுக்கு எப்டி? அதான். அது பரம்பரை. சீக்கிரம் வந்துட்டா இருக்கறதயாவது காப்பாத்தலாம்னு டாக்டர் போன வாட்டி ஒருத்தர்கிட்ட சொல்லிக்கினு இருந்தாரு. இவளுது தானா திரும்பி வரும்.

அப்புறம் டாக்டர் அவகிட்ட கேட்டாரு, டைஃபாய்டு வந்துச்சா? இல்லன்னா. ஆபரேஷன்? இல்ல. டெலிவரி ஏதாவது ஆச்சா? ஆச்சுன்னா. எப்போ? மூணு மாசம் தாண்டிச்சுன்னா. டாக்டர் சிரிச்சிட்டாரு. அட, இதுக்கா இவ்ளோ பயந்தீங்க, கொழந்த தாய் மொகம் பாக்க ஆரம்பிச்சா முடி கொட்டும்னு உங்க வீட்ல பெரியவங்க சொல்லலியா? மொகம் பாக்குதா? பாக்குது டாக்டர்னா. சிரிக்குதா? சிரிக்குதுன்னா. என்ன பேரு? ஜெனிஃபர்னா.

எனக்கே அந்தப் பேரு அப்பத்தான் தெரியும்.

ஆட்டோ பிடிச்சி வீட்டுக்குப் போனோம். ராத்திரிக்கு ரசம் வெச்சா, சாப்ட்டோம்.

இன்னிக்கு பாத்தா நெத்தியோரம் குட்டி குட்டியா மொளச்சிருக்கு. டாக்டருக்கு சந்தோசம், கண்ணாடி குடுத்து பாக்கச் சொன்னாரு. ஜெனிஃபர் எப்டி இருக்கான்னாரு. குப்புற விழறா டாக்டர், கை அடில மாட்டிக்கிட்டா எடுக்கத் தெரியாம கத்தறான்னா. அப்டியே பாத்துக்கினு இருக்கற மாதிரி சொல்றா. நான் எழுந்து வெளில வந்துட்டேன்.

கொழந்தய இப்ப வீட்ல யாரு பாத்துக்கறாங்கன்றீங்களா? வீட்ல யாரும் பாத்துக்கல தம்பி. அது பொறக்கும்போதே மூச்சு இல்ல. கல்யாணமாகி ஏழு வருசம் கழிச்சி வந்தது. துணில சுத்தி குடுத்தாங்க, நாந்தான் கல்பள்ளி கல்லறைல கொண்டுபோய் வெச்சிட்டு வந்தேன். அவ பெத்த மயக்கத்துல இருந்தா, மொகம் பாக்கல. நான் பாத்தேன். தல நெறைய முடி.

தோ, வந்துட்டா. உங்களத்தான் கூப்பிடறாங்க, போங்க தம்பி. டாக்டர்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க. அடுத்த வாட்டி நாங்க வரும்போது ஜெனிஃபர் ஒக்கார ஆரம்பிச்சிருப்பா.