தினமும் பத்து வார்த்தை

— நாற்பத்தோரு நாளா ஒரு தப்புகூட இல்ல. நோட்டைப் புரட்டிப் பாத்துட்டேன். இன்னும் எதுக்கு நம்ம பொண்ணுக்கு டிக்டேஷன்?

— ஏங்க, லிஃப்ட் ரிப்பேர் பண்றவர் லிஃப்டைப் பாருங்க. எழுத்தை நான் பாத்துக்கறேன்.

— சரிதான். ஆனா லிஃப்ட் சரியானதும் நான் பெட்டியைத் தூக்கிட்டு வெளிய வந்துடுவேன் பாரு. உள்ளயே நின்னு மேலயும் கீழயும் போயிட்டிருக்க மாட்டேன்.

— ஆமா, உங்க எழுத்தைத்தான் அந்தக் கட்டடமே பாத்துச்சே. ‘லிஃப்ட் பளுது’! புரூஃப் திருத்துறவ புருஷன் எழுதின போர்டு! நாலு நாள் நான் அந்தத் தெருப் பக்கமே போகல.

— அதைப் படிச்சிட்டு யாராவது லிஃப்ட்ல ஏறினாங்களா? எல்லாரும் ஒழுங்கா படிக்கட்டுலதானே போனாங்க?

— அப்பாவுக்கு ஒரு பாயின்ட்டு!

— வாலு, நீ உள்ள போய்க் கணக்கைப் போடு. பெரியவங்க பேசிட்டிருக்கோம்.

— என்னைப் பத்திதானேம்மா பேசறீங்க? கணக்கு முடிச்சாச்சு. அதுக்கென்ன இப்போ, நான் ஓரமா உக்காந்து கேக்கறேன். ஒண்ணும் பேச மாட்டேன்.

— நீயா? பேச மாட்டியா?

— ரெண்டு நிமிஷம் பேச மாட்டேன்பா.

— சரி உக்காரு. இங்க பாரும்மா, அஞ்சு வருஷமா தினம் காலைல பத்து வார்த்தை. உடம்பு சரியில்லாத அன்னைக்குக்கூட விட்டதில்ல. நேத்து நீ என்ன கேட்ட அவகிட்ட? ‘முன்னெச்சரிக்கை’. அதைக் கொட்டாவி விட்டுக்கிட்டே எழுதினா. அதுவும் சரியா எழுதினா.

— ஒற்று எங்க மிகும், எங்க மிகாதுங்கிறது இன்னும் பாக்கி இருக்கு.

— அது உனக்கே பாக்கி இருக்குன்னு போன வாரம் நீயே சொன்னியே, ஆஃபீஸ்ல யாரோடயோ சண்டை போட்டுட்டு வந்து.

— அது வேற. அது புத்தகத்துக்கு.

— வாத்தியாரம்மா, நான் நேரா கேக்கறேன். எப்ப நிறுத்தலாம்? ஒரு தேதி சொல்லு. பதினஞ்சு வயசுலயா? கல்யாணத்தன்னிக்கா? மணமேடையில உக்காத்தி வச்சு பத்து வார்த்தை கேப்பியா?

— சிரிக்காதீங்க. உங்களுக்கு மறந்து போச்சு. எனக்கு மறக்கல.

— எது?

— எதுவா? ரெண்டாவது படிக்கறப்ப ‘மழை பெய்தது’ன்னு எழுதறதுக்கு ‘மலை பெய்தது’ன்னு எழுதினா. அந்த டீச்சர் நோட்டைத் தூக்கிப் பிடிச்சு, நாப்பது பிள்ளைங்க முன்னாடி, ‘எல்லாரும் குடை எடுத்துக்கோங்க, வானத்துலேர்ந்து மலை கொட்டப் போகுது’ன்னாங்க. கிளாஸே சிரிச்சுது. வீட்டுக்கு வந்து மூணு வாரம் பென்சிலைத் தொடல இவ. பேர் எழுதச் சொன்னாக்கூட கையைப் பின்னாடி கட்டிக்கிட்டா. அப்பத்தான் பள்ளிக்கூடத்துலேர்ந்து இவளை நிறுத்தினேன். என் பொண்ணு எழுத்தைப் பாத்து இனிமே ஒருத்தரும் சிரிக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணேன்.

— எனக்கு மறக்கலம்மா. பள்ளிக்கூடத்து வாசல்லேர்ந்து அவளைத் தூக்கிட்டு வந்ததே நான்தான்.

— அப்புறம் என்ன?

— அந்தக் குழந்தைக்கு ஏழு வயசு. இவளுக்குப் பன்னிரண்டு. நீ இன்னும் அந்தக் குழந்தைக்குப் பாடம் எடுத்துக்கிட்டு இருக்க.

— அம்மா, ரெண்டு நிமிஷம் ஆயிடுச்சு. பேசலாமா?

— பேசு.

— அது நல்ல ஜோக்குமா. வானத்துலேர்ந்து மலை! இப்ப யாராவது எழுதினா நானே விழுந்து விழுந்து சிரிப்பேன். ஆனா எழுதினவங்க நோட்டைத் தூக்கிக் காட்ட மாட்டேன்.

— பாத்தியா? இதுக்கு மேல என்ன வேணும்?

— இருங்க. இவ பேச்சுல கெட்டிக்காரி, அது தெரிஞ்சதுதான். நான் வார்த்தை சொல்லி இவ எழுதறது ஒண்ணு. தானா யோசிச்சு எழுதறப்ப கவனம் அர்த்தத்துல போயிடும், எழுத்துல கோட்டை விட்டுடுவா. அதைப் பாக்கணும். சரி, ஒரு பக்கம். இவளா எழுதணும், நான் எதுவும் சொல்ல மாட்டேன். அதுல பிழை இல்லன்னா நாளையிலேர்ந்து டிக்டேஷன் கிடையாது.

— சத்தியமா?

— சத்தியமா. போய் எழுதிட்டு வா.

— எழுதியே வச்சிருக்கேன்மா. ஒரு கடிதம். போன வாரமே எழுதிட்டேன். இந்தா.

— அட, தயாரா இருந்திருக்காளே! சரி, அந்தச் சிவப்புப் பென்சிலை எடுங்க. கண்ணாடி எங்க?

— தலை மேல.

— ம்... ‘மாணவி’... ‘பணிவுள்ள’... ‘தங்கள்’...

— என்னம்மா கீழேர்ந்து மேல படிக்கற?

— புரூஃப் அப்படித்தாங்க பாக்கணும். நேரா படிச்சா அர்த்தம் இழுத்துட்டுப் போயிடும், தப்பு கண்ணுல படாது. கடைசி வரியிலேர்ந்து ஒவ்வொரு வார்த்தையா ஏறணும். பேசாம இருங்க... ‘ஒருவரும்’, சரி. ‘உட்கார்ந்து’, சரி. ‘இந்தக் கடிதத்தில்’, ஒற்று இருக்கு. ‘இந்தக் கடிதத்தில்’, ஒற்று இருக்கு. ‘எனக்குப் பன்னிரண்டு’, இதுலயும் ஒற்று இருக்கு. ரெண்டு சுழி ‘ன்’னுக்கும் மூணு சுழி ‘ண்’ணுக்கும் இங்கதான் எல்லாரும் வழுக்கி விழுவாங்க... ‘மதிப்பிற்குரிய’.

— என்னாச்சு?

— முடிஞ்சுது.

— எத்தனை தப்பு?

— ஒண்ணுமில்ல. ஒரு புள்ளிகூட விட்டுப் போகல. வாடி இங்க, தங்கமே! அச்சுக்கே அனுப்பலாம் இதை.

— அப்ப டிக்டேஷன்?

— போச்சு! இன்னையோட போச்சு! போதுமா உங்க ரெண்டு பேருக்கும்?

— சரிதான்! ஆமா, கடிதம்னாளே, யாருக்கு?

— யாருக்கோ... அதை நான் எங்க பாத்தேன்? எழுத்தைத்தானே பாத்தேன். நீங்க படிங்க, மேலேர்ந்து.

— அப்பா, இப்பவே படிக்கணுமா?

— அச்சுக்கே போகலாம்னு உங்கம்மா சொல்லிட்டா, நான் படிக்கக் கூடாதா? ‘மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, வணக்கம். எனக்குப் பன்னிரண்டு வயது. ஐந்து ஆண்டுகளாக வீட்டிலேயே படித்து வருகிறேன். எனக்கு எல்லாவற்றையும் கற்றுத்தந்தவர் என் அம்மா. இந்தக் கடிதத்தில் பிழை இருந்தால் அது என்னுடையது. இல்லையென்றால் அது அம்மாவின் உழைப்பு.’

— படிங்க. ஏன் நிறுத்திட்டீங்க?

— ‘வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க ஒருவரும் இல்லை. அடுத்த ஆண்டு உங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேர வருவேன், என் அம்மா அனுமதித்தால்.’

— அம்மா? கோவமா? நான் இதை அனுப்பவே இல்ல. உங்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியல, அதான் எழுதினேன். டிக்டேஷன் பிடிக்கலன்னு இல்லம்மா. எட்டிப் பாத்து காப்பியடிக்கக்கூட பக்கத்துல ஒரு ஆள் இல்ல. சரியா எழுதினா, ‘ஏய், நீ எத்தனை?’ன்னு கேக்க ஆள் இல்ல.

— அங்க யாராவது சிரிச்சா?

— நானும் சேந்து சிரிச்சுட்டு, திருத்தி எழுதிடுவேன்.

— பென்சிலைத் தொடாம உக்காந்துட்டா?

— மாட்டேன்மா. நீதான் அதைப் பிடிக்க வச்சியே. இனிமே அது கையை விட்டுப் போகாது.

— ஏம்மா, ரெண்டு நாள் யோசிச்சு சொல்லேன். இப்பவே ஒண்ணும் அவசரமில்ல.

— நீங்க சும்மா இருங்க. கடிதத்தைக் குடுங்க இப்படி. நான் முதல்ல சரியா பாக்கல. இதுல ஒரு பிழை இருக்கு.

— நீதானே ஒண்ணும் இல்லன்னு சொன்ன?

— சொன்னேன். இப்பதான் மேலேர்ந்து படிக்கக் கேட்டேன். வாடி, வந்து நீயே பாரு. ‘தங்கள் பணிவுள்ள மாணவி’ போடறதுக்கு முன்னாடி, கடைசி வாக்கியம், கடைசி வார்த்தை.

— ‘அனுமதித்தால்.’ சரியாதானேம்மா இருக்கு? ‘ள்’ வராதே, ‘ல்’தானே?

— ‘ல்’லும் வராது, கண்ணு. அதை அழிச்சிட்டு ‘ர்’ போடு.